பொம்மைக்கு பாலிஷ் போட ஸ்பிரிட் கேட்டால் சந்தேகப் பார்வை: கள்ளச்சாராய சாவுகளால் திண்டாடும் பெயிண்டிங் பிரியர்கள்

கடலூர்:

கொலு பொம்மைக்கு ஒரு கோட் பாலிஷ் போடணும். கால் லிட்டர் ஸ்பிரிட் போதும். ஆனால் கடையில் போய் கேட்டால் "எதுக்கு?" என்ற கேள்விதான் முதலில் வரும். "பொம்மைக்கு" என்று சொன்னாலும் கடைக்காரர் ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு "ஸ்டாக் இல்லீங்க" என்று சொல்லி அனுப்பி விடுவார்.

கடைக்காரர் மேல் கோபப்பட்டு பயன் இல்லை. கடலூரும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் கடந்த 25 ஆண்டுகளில் பார்த்த சாவுகள் அப்படி. அதே நேரம் பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவர், பழைய கேரம் போர்டுக்கு பாலிஷ் போடுகிறவர், பிளாஸ்டிக் விமானம், கப்பல் மாடல் செய்து ஸ்பிரே அடிக்கும் கல்லூரி மாணவர், மரத்தில் சின்னத் தேர் செய்யும் ரிட்டயர்டு ஆசாமி ஆகியோர் செய்த குற்றம் என்ன என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

குடிக்கிற சாராயத்துக்கும் பூசுகிற பாலிஷுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே கேனில் இருந்து வருவதுதான் சிக்கலே.

பொம்மை ஊரில் விஷச் சாராயம்

பண்ருட்டி என்றதும் பலாப்பழமும் முந்திரியும் ஞாபகம் வரும். கொலு வைக்கும் வீட்டுக்காரர்களுக்கு பண்ருட்டி பொம்மையும் ஞாபகம் வரும். காகிதக் கூழ், களிமண், சாக் பவுடர் கொண்டு அச்சில் வார்த்து, வெயிலில் காய வைத்து, வெள்ளை அடித்து, வர்ணம் பூசி, கடைசியில் பளபளப்பு கொடுத்து அனுப்பும் தொழில் அங்கே பரம்பரையாக நடக்கிறது. கடலூர் வண்டிப்பாளையத்திலும் இதே வேலைதான். ஆடி பிறந்தால் பிள்ளையார், ஆவணி முடிந்தால் கொலு என்று வேலை ஓடும்.

அதே பண்ருட்டி பகுதியில்தான் 2001-ஆம் ஆண்டின் கடைசியில் விஷச் சாராயம் குடித்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்.

அது பழைய கதை என்று ஊர் மறக்கத் தொடங்கிய நேரத்தில் 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நடந்தன. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 20 பேருக்கு மேல் பலி. குடித்தது சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் மெத்தனால் என்று அப்போது போலீசார் அறிவித்தார்கள்.

அடுத்த ஆண்டே, 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பேரிடி. 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதிலும் மெத்தனால்தான். இறந்தவர்களில் பலர் தினக்கூலிகள். நீதிபதி கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2024 நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது.

வரைபடத்தில் பண்ருட்டி, மரக்காணம், கள்ளக்குறிச்சி மூன்றுக்கும் கோடு போட்டால் கடலூர்க்காரருக்கு விஷயம் புரியும். நம்மைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. புதுச்சேரி எல்லையும் பக்கத்தில். ஆல்பேட்டை செக்போஸ்ட்டை தாண்டித்தான் கடலூருக்குள் வரணும். லேபிள் இல்லாத பாட்டிலில் நிறமில்லாத திரவத்தோடு பைக்கில் வருகிறவரை நிறுத்தி விசாரித்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

ஒரே மாதிரி தண்ணி, வேற வேற விஷம்

பெயிண்ட் கடை பாட்டில்கள் பார்வைக்கு எல்லாமே தண்ணி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு.

டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பெட்ரோலியத்தில் இருந்து எடுக்கும் மினரல் டர்பன்டைன். எனாமல் பெயிண்டை இளக்க இது போதும். பைன் மரப் பிசினில் இருந்து வடிக்கும் அசல் டர்பன்டைன் ஓவியர்கள் வாங்குவது.

என்.சி. தின்னர் என்பது ஒரு கலவை. டொலுயீன், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் போன்றவை இருக்கும். சட்டென்று காய வைக்கும். வாசனை மண்டையைப் பிளக்கும். மலிவான தின்னரில் மெத்தனாலும் சேர்வது உண்டு.

ஸ்பிரிட் என்று தச்சர்கள் சொல்வது எத்தில் ஆல்கஹால். அதாவது சாராயத்தில் இருக்கும் அதே பொருள். யாரும் குடிக்கக் கூடாது என்பதற்காக அதில் கசப்பும் நாற்றமும் உள்ள பொருட்களைச் சேர்த்து விடுவார்கள். சில வகையில் மெத்தனாலே சேர்ப்பார்கள். அவலரக்கை இதில் ஊற வைத்தால் கரைந்து பிரெஞ்ச் பாலிஷ் ஆகிறது. அவலரக்கு சாதாரண தண்ணியில் கரையாது, டர்பன்டைனிலும் கரையாது. அதனால்தான் பாலிஷ்காரருக்கு ஸ்பிரிட் இல்லாமல் கை ஓடாது.

மெத்தனால் தனி ஜாதி. விலை மலிவு. வாசனையிலும் ருசியிலும் குடிக்கிற ஆல்கஹாலில் இருந்து பிரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். உடம்புக்குள் போனதும் ஈரல் அதை பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லி போனாலே பார்வை போகலாம். 30 மில்லி உயிரையே எடுக்கலாம். குடித்த உடனே தெரியாது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கும், வயிறு பிரட்டும், மூச்சு வாங்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரரும் அதே பாக்கெட்டை வாங்கிக் குடித்திருப்பார்.

குடித்தால் மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. மெத்தனால் தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். மூச்சு வழியாகவும் போகும். வெறுங்கையால் துணியை நனைத்து பொம்மையைத் துடைக்கிறவருக்கும் இது விஷம்தான்.

1959 முதல் இருக்கும் விதி

இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் கள்ளக்குறிச்சிக்குப் பிறகு வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ல் வந்தது. அதன் கீழ் 1959-ல் ஒரு தனி விதித்தொகுப்பு போடப்பட்டது. குடிக்கத் தகாததாக மாற்றப்பட்ட ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்ச் பாலிஷ் வார்னிஷ் இந்த மூன்றையும் கட்டுப்படுத்துவதுதான் அதன் வேலை. இவற்றை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் என்ற ஏற்பாடு அப்போதே வந்து விட்டது.

பாலிஷை எதற்கு மதுவிலக்கு விதிக்குள் கொண்டு வந்தார்கள்? மதுவிலக்கு இருந்த காலத்தில் குடிக்க வழியில்லாதவர்கள் வார்னிஷில் கை வைத்தார்கள். தச்சுப் பட்டறைக்குப் போக வேண்டிய பாட்டில் வேறு பக்கம் போனது. அதைத் தடுக்கத்தான் சட்டம் பாலிஷ் பாட்டிலையும் துரத்தியது. 1981-ல் மதுவிலக்கு தளர்ந்த பிறகும் விதி அப்படியே நின்றது.

2024 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் அமர்வு ஒரு முக்கியத் தீர்ப்பு கொடுத்தது. தொழிற்சாலை ஆல்கஹாலையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு என்று 8 நீதிபதிகள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார். இதனால் மாநில அரசின் பிடி இன்னும் உறுதியானது.

அதற்கு முன்பே, கள்ளக்குறிச்சி சாவுகள் நடந்த சூட்டோடு சூடாக, 2024 ஜூன் 29-ல் மதுவிலக்குத் திருத்த மசோதா சட்டசபையில் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்ற அளவுக்கு தண்டனை ஏறியது.

இப்போது கடைக்காரர் நிலையில் இருந்து பாருங்கள். கால் லிட்டர் ஸ்பிரிட் விற்றால் கிடைக்கும் லாபம் ஒரு டீ, வடைக்குக் கூட பத்தாது. அது கை மாறி வேறு எங்காவது போய்ச் சேர்ந்தால் போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று அலையணும். "ஸ்டாக் இல்லை" என்று சொல்வதுதான் அவருக்கு சேப்டி.

தபாலிலும் வராது, ரெயிலிலும் வராது

சரி, சென்னையில் வாங்கி வந்து விடலாம் என்று கிளம்பினால் அங்கேயும் முட்டுக்கட்டை.

எளிதில் தீப்பற்றும் பொருளை ரெயிலில் கொண்டு போகக் கூடாது. 1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 164-வது பிரிவுப்படி 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 2023 ஆகஸ்டு 26-ல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் கருகி இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குக் காரணம் உள்ளே கொண்டு வந்த கியாஸ் சிலிண்டர். ஒரு லிட்டர் தின்னரும் ஒரு பெட்டியைக் கொளுத்தப் போதும். எழும்பூரில் ஏறி சிதம்பரத்தில் இறங்குகிறவர் பையில் தின்னர் பாட்டில் இருந்தால் அவரோடு சேர்த்து அந்தப் பெட்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து.

தபாலிலும் தீப்பற்றும் பொருளை அனுப்ப முடியாது. ஆன்லைனில் மாடலுக்கான பெயிண்ட் வாங்குகிறவர்கள் தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வகைக்கு மாறி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தின்னரில் சேரும் சில பெட்ரோலிய சால்வென்டுகளுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. பெட்ரோலில் கலப்படம் செய்ய அவை போய்ச் சேர்ந்ததால் மத்திய அரசு 2000-ல் ஒரு சால்வென்ட் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. பசங்க மோந்து பார்த்து போதை ஏற்றிக் கொண்டதால் பாட்டில் ஒயிட்னர், அதை இளக்கும் டைலூட்டர் சில்லறை விற்பனைக்கு 2012-ல் தடை வந்தது. ஒயிட்னர் இன்று பேனா வடிவில் வருவது அதனால்தான்.

ஒருத்தன் குடிக்கிறான், இன்னொருத்தன் மோந்து பார்க்கிறான், மூன்றாமவன் பெட்ரோலில் கலக்கிறான். நாலாவதாக பொம்மைக்குப் பூசுகிறவன் கடைசியில் நிற்கிறான். கதை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம், விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் வகையை உரிய பாத்திரத்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக் கொள்ள அனுமதிக்கிறது. தீப்பற்றுவதில் பெட்ரோல் ஸ்பிரிட்டை விட மோசம். ஆனாலும் பெட்ரோலுக்கு இருக்கும் சலுகை பாலிஷ் ஸ்பிரிட்டுக்குப் பெயரளவில் கூட மக்களுக்குத் தெரியாது. காரணம், பெட்ரோலை யாரும் கிளாசில் ஊற்றிக் குடிப்பதில்லை.

கடற்கரை ஈரமும் ஒரு வில்லன்

"அப்போ தண்ணி பெயிண்டையே அடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். கடலூர், சிதம்பரம் பக்கம் அது அவ்வளவு சுலபம் இல்லை.

கடல் காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். தண்ணியில் கரைத்த வர்ணம் காய நேரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு கோட் காய ஒரு நாள் முழுக்க ஆகலாம். சரியாகக் காயாத காகிதக் கூழ் பொம்மை மேல் அடுத்த கோட் அடித்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், வர்ணம் உரியும்.

சால்வென்ட் அடிப்பவர்களுக்கும் ஈரம் தொல்லைதான். என்.சி. லாக்கர் அடித்ததும் மேலே வெள்ளையாகப் பூத்துப் போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேல்பரப்பு சட்டென்று குளிர்ந்து விடும். காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் பனி மாதிரி படியும். வேகமாகக் காயும் மலிவு தின்னரில் இது அதிகம். மெதுவாக ஆவியாகும் தின்னர் சேர்த்தாலோ, வெயில் ஏறிய பிறகு அடித்தாலோ பூப்பது குறையும். கை பழகினவர்கள் காலை 10 மணிக்கு மேல் ஆரம்பித்து சாயங்காலம் ஈரக்காற்று இறங்கும் முன் வேலையை முடிப்பார்கள்.

பிளாஸ்டிக் மாடல் செய்பவர்களுக்கு வேறு பிரச்சினை. கடும் தின்னர் பட்டால் பிளாஸ்டிக்கே கரைந்து குழையும். அவர்களுக்கு அக்ரிலிக் கிடைத்ததில் லாபமே தவிர நஷ்டம் இல்லை.

மாற்று வழி இருக்கு

ஸ்பிரிட் இல்லாமலே பளபளப்பு கொண்டு வர வழிகள் உண்டு. சில நம்ம ஊர் பழைய வழிகள்.

முதலாவது, வெங்காரம். சூடான தண்ணியில் வெங்காரத்தைக் கரைத்து அதில் அவலரக்கைப் போட்டுக் கிளறினால் கரையும். அரக்கின் எடையில் சுமார் 5-ல் ஒரு பங்கு வெங்காரம் போதும். ஸ்பிரிட் பாலிஷ் அளவுக்கு ஈரம் தாங்காது. ஆனால் வீட்டுக்குள் வைக்கும் கொலு பொம்மைக்கு ஓரளவு கை கொடுக்கும். வெங்காரமும் வாயில் போகக் கூடாத பொருள்தான், குழந்தைகளிடம் இருந்து தள்ளி வைக்கணும்.

இரண்டாவது, சூட்டில் அரக்கு ஏற்றுவது. கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகள், ஆந்திராவின் ஏடிகொப்பாகா பொம்மைகள் ஸ்பிரிட் வாசனையே பார்க்காதவை. கடைசலில் மரம் சுற்றும்போது கலர் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறி விடும். நம்ம அம்பாசமுத்திரம் மரச்சொப்பும் அந்த வகைதான். உருண்டையாகக் கடையும் சாமானுக்குத்தான் இது ஆகும். கை, கால், முகம் உள்ள பொம்மைக்கு உதவாது.

மூன்றாவது, தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ். விலை கொஞ்சம் கூட. ஆனால் பிரஷ்ஷைத் தண்ணியிலேயே கழுவலாம், தீப்பிடிக்காது, வீட்டில் குழந்தை இருந்தாலும் தலைவலி இல்லை.

நான்காவது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். ஐ.பி.ஏ. என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்கள். அவலரக்கை இது கரைக்கும். ஆனால் தண்ணி கலக்காத ரகமாக இருக்கணும். இதையும் குடித்தால் விஷம், தீயும் பற்றும்.

மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வாங்கி பாலிஷ் கலக்குகிறவர்களும் உண்டு. சில வகையில் தோலுக்காக விளக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். பாலிஷ் பிசுபிசுவென்று நிற்கும், காயவே காயாது. காசும் போச்சு, பொம்மையும் போச்சு.

வெளிநாட்டிலும் இதே பாடு

இந்தத் தொல்லை நம்ம ஊருக்கு மட்டும் வந்தது அல்ல. ஐரோப்பிய நாடுகளில் பொதுமக்களுக்கு விற்கும் பசை, ஸ்பிரே பெயிண்டுகளில் டொலுயீன் அளவுக்கு 2007 முதல் கடும் கட்டுப்பாடு. கார் கண்ணாடி துடைக்கும் திரவத்தை வாங்கிக் குடித்து ஆட்கள் செத்ததால், அதில் மெத்தனால் அளவு 0.6 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று 2018-ல் விதி வந்தது. அமெரிக்காவில் பழைய பெயிண்டை உரிக்கும் மெத்திலீன் குளோரைடை வீட்டு உபயோகத்துக்கு விற்க 2019-ல் தடை. மூடிய பாத்ரூமில் அதை ஊற்றி வேலை செய்தவர்கள் மூச்சடைத்து இறந்ததே அந்தத் தடைக்குக் காரணம்.

அங்கே எல்லாம் தடை வந்ததோடு மாற்றுப் பொருளும் கடைக்கு வந்தது. இங்கே தடை மட்டும் வருகிறது, மாற்றுப் பொருள் தாலுகா ஊருக்கு வந்து சேர நாளாகிறது. சிதம்பரம் நாலு வீதியையும் சுற்றி ஒரு நல்ல தண்ணீர் வார்னிஷ் தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

வர்ணத்திலும் கவனம்

தின்னர் பற்றி மட்டும் கவலைப்படுகிறவர்கள் வர்ணத்தை மறந்து விடுகிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வர்ணங்களில் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி போட்டது. 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை உபயோகப் பெயிண்டுக்கு அந்த விதி பொருந்தாது. எனவே வண்டிக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற பெயிண்டில் மிச்சம் இருப்பதை எடுத்து குழந்தை விளையாடும் பொம்மைக்கு அடிப்பது தப்பு.

பிள்ளையார் சிலைக்கும் இதே கதை. பிளாஸ்டர் ஆப் பாரிஸ், ரசாயன வர்ணம் வேண்டாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய வழிகாட்டுதல் சொல்கிறது. 2023 செப்டம்பரில் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் சிலை விவகாரம் மதுரை ஐகோர்ட்டு கிளையில் தொடங்கி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. தடையில் தலையிட சுப்ரீம் கோர்ட்டு மறுத்து விட்டது. சிலை கடைசியில் கரைவது நம்ம தேவனாம்பட்டினம் கடலில்தான் என்பதை நினைத்தால் இதில் நியாயம் புரியும்.

வீட்டுக்குள்ளேயே எமன்

கட்டுப்பாடு எதற்கு என்று இன்னும் கேட்பவர்கள் 2020 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். கொரோனா ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் மூடிக் கிடந்தன. செங்கல்பட்டில் பெயிண்ட், வார்னிஷ் கலவையைக் குடித்த 3 பேர் இறந்து போனார்கள். அதே ஆண்டு ஆந்திராவின் குறிச்சேடு ஊரில் சானிடைசர் குடித்து 10-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

அவர்கள் குடித்தது கள்ளச்சாராய வியாபாரி விற்ற பாக்கெட் இல்லை. ஒரு பட்டறையிலோ வீட்டிலோ அலமாரியில் இருக்கிற மாதிரி சாமான்தான். குடிக்கு அடிமையான ஒருவர் இருக்கும் வீட்டில் ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்த அலமாரியில் வைப்பது விஷத்தை வைப்பது மாதிரி. பூட்டி வைத்தே ஆகணும்.

குழந்தை இருக்கும் வீட்டிலும் அதேதான். மிச்சம் டர்பன்டைனை கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம்ம வீடுகளில் சகஜம். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளைக்கு அது தண்ணியாகத்தான் தெரியும். டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ குடித்து விட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியில் அது நுரையீரலுக்குள் போய் விட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்து, குடித்த பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்.

தீ விஷயத்தில் இன்னொரு கணக்கு. தின்னர் ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். ஹாலில் ஸ்பிரே அடித்தால் ஆவி சமையலறை அடுப்பு வரை ஊர்ந்து போய் தீப்பிடித்துத் திரும்பி வரும். பூஜை அறை விளக்கும் அதற்குப் போதும். கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் மொட்டை மாடியிலோ தாழ்வாரத்திலோ வேலை செய்வதுதான் நல்லது. தின்னர் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவும் கூடாது.

சிப்காட் கம்பெனிகளின் வாடையோடு வாழப் பழகிய குடிகாடு, பச்சையாங்குப்பம் மக்களுக்கு ரசாயன நாற்றம் புதுசு இல்லை. ஆனால் சொந்த வீட்டுக்குள் அதே நாற்றத்தைக் காசு கொடுத்து வாங்கி வைப்பது வேறு விஷயம்.

யாரைப் பிடிக்கணும்?

கேள்வி இப்போது அரசு பக்கம் திரும்புகிறது. எக்கியார்குப்பத்துக்கும் கருணாபுரத்துக்கும் போன மெத்தனால், பெயிண்ட் கடை ரேக்கில் இருந்து கால் லிட்டர் கால் லிட்டராகப் போனது இல்லை. தொழிற்சாலைச் சரக்கில் இருந்து கேன் கேனாகத் திசை மாறியது. இறக்குமதியாகும் மெத்தனால் எந்த டேங்கரில் ஏறுகிறது, எந்தக் கம்பெனியில் இறங்குகிறது, எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே என்ற கணக்கைப் பார்த்தால் பெரிய ஓட்டை அடைபடும்.

சில்லறையில் வாங்குகிறவருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 100, 200 மில்லி சீல் வைத்த பாட்டில், மெத்தனால் கலக்காத ஸ்பிரிட், உள்ளே என்ன இருக்கிறது என்று பெரிய தமிழ் எழுத்தில் லேபிள், வாங்குகிறவர் பெயரை எழுதிக் கொள்ள ஒரு நோட்டு. ஆசிட் விற்பனைக்கு 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அடையாள அட்டை முறை ஏற்கனவே இருக்கிறது. அதே வழியில் போனால் கடைக்காரருக்கும் பயம் இல்லை, போலீசுக்கும் துப்பு கிடைக்கும்.

பொம்மைத் தொழிலாளிக்குப் பழக்கம் மாற உதவியும் தேவை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்குத் தரச் சான்று கட்டாயம் என்றபோது, கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதே பதிவை வைத்து தண்ணீர் வார்னிஷும் நல்ல ஸ்பிரிட்டும் நியாய விலையில் கொடுக்கலாம். பண்ருட்டியிலும் வண்டிப்பாளையத்திலும் ஒரு நாள் பயிற்சி நடத்தினால் கை பழகி விடும். மழைக் காலத்துக்கு ஒரு பொதுக் காய வைக்கும் கூடம் கட்டிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதுவரை பெயிண்டிங் பிரியர்கள் செய்ய வேண்டியது சிலதான். லேபிள் இல்லாத கேன் ஸ்பிரிட்டை யார் கொடுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மிச்சத்தை அசல் பாட்டிலிலேயே வைத்துப் பூட்டுங்கள். "கொஞ்சம் கொடுங்க, கை துடைக்க" என்று கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

கொலு முடிந்ததும் பொம்மையைத் துணியில் சுற்றி பரணில் ஏற்றி விடுவோம். மிச்சம் இருக்கும் பாட்டில் மட்டும் கீழே நிற்கும். பண்ருட்டியில் 50 பேருக்கு மேல் செத்ததற்குக் காரணமான பொருள், இப்படி ஒரு பாட்டிலில்தான் நம்ம வீட்டுக்குள்ளும் வருகிறது. அதற்கு ஒரு பூட்டு போட்டு வைத்தால் பொம்மையும் பளபளக்கும், வீடும் நிம்மதியாக இருக்கும்.